நா அடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

2025ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 20ஆம் நாள், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மக்கள் சபையில் ஒரு மசோதா 314க்கு 291 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. ஆறு மாதங்களுக்குள் மரணம் நேரும் எனக் கணிக்கப்பட்ட, வயது வந்த, சித்தத் தெளிவுள்ள நோயாளி ஒருவர், தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்வதற்கான மருந்தை வைத்தியரின் உதவியுடன் பெறுவதற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வகை செய்ய முனைந்த மசோதா அது. பிரபுக்கள் சபைக்குச் சென்ற பின்னரும் வாதப் பிரதிவாதங்கள் ஓயவில்லை. மனித உயிர் எவருடைய உடைமை என்னும் பழம்பெரும் கேள்வி, உலகின் மூத்த சட்டமன்றம் ஒன்றில் வாக்கெடுப்புக்கு வந்ததை முஸ்லிம்கள் கவலையுடன் நோக்கியதில் வியப்பில்லை.

ஆயினும் கவலையுறுவதோடு நாம் நின்றுவிட்டால் இவ்விஷயத்தின் பாதியைக் கூடக் கண்டவர்களாக மாட்டோம். இத்தகைய சட்டங்களை வேண்டி மேலைநாடுகளில் நீதிமன்றப் படிகளில் ஏறியவர்கள் யாவர் என்று பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். 1993இல் கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற ஸூ ராட்ரிகஸ், அதே நீதிமன்றம் 2015இல் தன் பழைய தீர்ப்பை மாற்றிக்கொள்ளக் காரணமான வழக்கில் இணைந்திருந்த குளோரியா டெய்லர், இங்கிலாந்தின் டயான் பிரெட்டி, நோயல் கான்வே ஆகிய நால்வரும் இயக்க நரம்பு நோய்க்கு ஆளானவர்கள். டெபி பர்டி என்ற பெண்மணிக்கு நரம்புறை சிதையும் நோய். டோனி நிக்லின்சன் பக்கவாதத்துக்குப் பின் கழுத்துக்குக் கீழ் அசைவற்று, கண்ணிமையால் பேசியவர். மரணத்தைச் சட்டத்திடம் கேட்டு நின்றவர்களின் வரிசையில் மூளையும் நரம்பும் நோயுற்றவர்களே முன்னால் நின்றிருக்கின்றனர்.

விசித்திரம் என்னவெனில், ஆறு மாதக் கெடு என்பது இவர்களுக்குப் பொருந்துவதே அரிது. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தை வைத்தியர் ஓரளவு கணிக்கலாம். நரம்பு நோய் அவ்வாறு நாட்கணக்குக்குள் அடங்குவதன்று. இதனை அறிந்தே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த தன் சட்டத்தில், நரம்பு சிதையும் நோய்களுக்கு மட்டும் பன்னிரண்டு மாதம் என்று கெடுவை நீட்டியது. பிரிட்டனிலும் அவ்வாறு செய்யச் சொன்ன திருத்தம் குழு நிலையில் ஏற்கப்படவில்லை. ஒரு வரம்பை வகுத்தால் அடுத்த வரம்பு உடனே கேட்கப்படும் என்று எதிர்ப்பாளர்கள் கூறி வருவதற்கு இதுவே சான்று.

நிற்க. இந்நோய்களின் தன்மையைச் சிறிது விளங்கிக்கொள்ளாமல் மேலே செல்ல இயலாது.

இயக்க நரம்பு நோயில், மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் தசைகளுக்குக் கட்டளையைக் கொண்டு செல்லும் நரம்பணுக்கள் மெல்ல மடிகின்றன. சட்டைப் பொத்தானைப் போட இயலாமல் தொடங்குவது, பின் நடையையும், பேச்சையும், விழுங்குதலையும், ஈற்றில் மூச்சையும் பறிக்கிறது. பெரும்பாலோர் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் மூச்சுத் தசைகள் தளர்ந்து இறக்கின்றனர். சிலருக்குச் சிந்தனையும் பாதிக்கப்படுவதுண்டு. ஆயினும் பலருக்கு அறிவு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். முதுமை மறதி நோயில் நேர் எதிர்: உடல் நடமாடும், மனிதர் மெல்ல மெல்ல விடைபெறுவார். பெரும் பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் ஒரே நாளில் எல்லாம் முடிந்து, மூச்சு மட்டும் ஆண்டுக்கணக்கில் எஞ்சி நிற்பதுண்டு. மூன்றிலும் பொதுவானது ஒன்றே. நோயாளியின் வாய்ச்சொல்லை மற்றவர்கள் கேட்டறிய முடியாத ஒரு காலம் வந்தே தீரும்.

மார்க்கம் மூடிய கதவு

உயிரைப் போக்குவது குறித்து இஸ்லாத்தின் நிலை யாவரும் அறிந்ததே. ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்பது திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 32ஆம் வசனத்தின் கருத்து. தம்மைத் தாமே கொன்றுகொள்வதை 4ஆம் அத்தியாயம் 29ஆம் வசனம் விலக்குகிறது. விலக்கிய கையோடு இறைவனின் கருணையை நினைவூட்டுகிறது. காயத்தின் வேதனை தாளாது தன் கையை அறுத்துக்கொண்டு மாண்ட ஒரு மனிதனைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஆகவே மரணத்தை வரவழைக்கும் ஊசியோ, அருந்தும் மருந்தோ, அது நோயாளியின் வேண்டுகோளால் தரப்பட்டாலும், நம் உலமாப் பெருமக்களிடையே அதற்கு இடமில்லை. இதில் கருத்து வேற்றுமை தேடுவது வீண்.

ஆனால் மார்க்கம் துன்பப்படுபவனின் வாயை அடைத்துவிடவில்லை. துன்பத்தின் காரணமாக மரணத்தை விரும்பாதீர்கள் என்று கூறிய அண்ணலார், அவ்வாறு கேட்டே தீரவேண்டிய நிலை ஒருவருக்கு வந்தால், வாழ்வு நன்மையாயிருக்கும் வரை வாழச் செய்யவும், மரணம் நன்மையாகும்போது மரணிக்கச் செய்யவும் இறைவனிடம் வேண்டும்படி சொல்லிக் கொடுத்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்நபிமொழியில், வலியால் துடிக்கும் மனிதனின் ஏக்கம் கண்டிக்கப்படவில்லை; அது துஆவாக மாற்றப்படுகிறது. 'இந்த மூச்சு போய்விட்டால் தேவலை' என்று படுக்கையிலிருந்து முனகும் தாயைப் பார்த்து, 'அப்படிச் சொல்வது பாவம்' என்று அதட்டும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும்.

கொல்லுதல் கூடாது என்பதிலிருந்து, எல்லாக் கருவிகளையும் எந்நாளும் பொருத்தியே வைத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நம்மவர் பலர் தாவிவிடுகின்றனர். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு பெண்களின் வழக்குகள் அடுத்தடுத்துத் தீர்ந்தன. டயான் பிரெட்டி, தாம் இறக்க உதவும் கணவர் தண்டிக்கப்படலாகாது என்று கேட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏப்ரல் 29ஆம் நாள் மறுத்தது. மே 11ஆம் நாள் அவர் இயற்கையாகவே மரணமடைந்தார். மற்றவர் பெயர் வெளியிடப்படாத 'மிஸ் பி'. கழுத்துத் தண்டுவடத்தில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் முடங்கி, வென்டிலேட்டரால் சுவாசித்தவர். தெளிந்த அறிவோடு, இக்கருவி எனக்கு வேண்டாம் என்றார். மார்ச் மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்கு அவ்வுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. முன்னவர் மரணத்தைக் கேட்டார். பின்னவர் ஒரு சிகிச்சையை மறுத்தார். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டுபவர்க்கு அவ்வாறு தோன்றாது.

வலிப்பு நோய் கொண்ட பெண்மணி

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதாவிடம், சுவர்க்கத்துப் பெண்மணி ஒருவரைக் காட்டட்டுமா என்று கேட்டு, ஒரு கறுப்பினப் பெண்ணைக் காட்டினார்கள். அவர் வலிப்பு நோயாளி. நபிகளாரிடம் வந்து, எனக்கு வலிப்பு வருகிறது, அவ்வேளையில் ஆடை விலகுகிறது, எனக்காகப் பிரார்த்தியுங்கள் என்று முறையிட்டவர். பெருமானார் (ஸல்) அவர் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள்: பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம்; விரும்பினால் நிவாரணத்துக்காகப் பிரார்த்தனை. அவர் பொறுமையைத் தேர்ந்தார், ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யுமாறு வேண்டினார், அவ்வாறே செய்யப்பட்டது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது.

நரம்பு நோயாளி ஒருவர் நேரே நபியவர்களிடம் வந்து நின்ற நிகழ்ச்சி இது. பொறுமையின் சிறப்பைச் சொல்ல நம் மேடைகளில் இதனை எடுத்தாளுவர். மற்றொரு பக்கத்தை எவரும் விளக்குவதில்லை. அப்பெண்மணி கேட்கப்பட்டார். அவருடைய தகப்பனோ சகோதரனோ அங்கே கேட்கப்படவில்லை. நிவாரணம் தேடாதிருப்பதும் ஏற்கத்தக்க ஒரு தேர்வாக அவர் முன் வைக்கப்பட்டது. அதோடு, அவருக்கு மிகவும் முக்கியமானது எதுவோ, அதாவது மானம், அது அவர் வாயாலேயே வெளிப்பட்டது. வேறெவரும் அதை ஊகித்திருக்க முடியாது.

சிகிச்சை பெறுவது கட்டாயக் கடமையா என்ற வினாவுக்கு முன்னோரான அறிஞர்களில் பெரும்பாலோர் இல்லையென்றே விடை கூறினர் என்பதும் நம்மில் பலர் அறியாதது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிமொழி ஏவுகிறது. இமாம் நவவீ போன்றோர் அதனை விரும்பத்தக்கது என்ற படித்தரத்தில் வைத்தனர். இமாம் கஸ்ஸாலீ தம் இஹ்யா நூலில் வகுத்து, பின்னர் ஃபதாவா ஆலம்கீரியும் எடுத்துரைக்கும் ஒரு பகுப்பு உண்டு. பசிக்கு உணவும் தாகத்துக்கு நீரும் உறுதியான பரிகாரங்கள்; உயிர் போகும் நிலையில் அவற்றை விடுவது குற்றம். பெரும்பாலும் குணம் தரக்கூடிய மருந்துகள் இரண்டாம் வகை. அவற்றை விடுபவர் குற்றவாளியாகார். வெறும் ஊகத்தின் மேல் செய்யப்படுபவை மூன்றாம் வகை. குணமாவது உறுதி என்னும் சிகிச்சையைக் கைவிட்டு உயிரை இழப்பது கூடாது என்று இக்கால உலமாக்கள் இத்துடன் சேர்த்துச் சொல்கின்றனர். விபத்தில் இரத்தம் இழந்தவனுக்கு இரத்தம் ஏற்ற மறுப்பதும், மூச்சுத் தசைகள் அழிந்துவிட்ட இயக்க நரம்பு நோயாளி தொண்டையில் துளையிட்டுக் கருவி பொருத்த வேண்டாமென்பதும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவை அல்ல. அக்கருவி அவருடைய நோயைக் குணப்படுத்துவதில்லை.

மார்க்க அறிஞர் அவைகளும் இப்பாதையிலேயே சென்றுள்ளன. உலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மானில் கூடி, மூளையின் இயக்கம் மீளா வகையில் முற்றும் நின்றுவிட்டதென மருத்துவ நிபுணர் உறுதி செய்தால், இதயம் முதலியன கருவியின் பலத்தால் இயங்கினாலும், கருவிகளை அகற்றலாம் என்றது. சவூதி உலமாக்களின் 12086 எண்ணுள்ள ஃபத்வா, பயன் இல்லையென்று நம்பத்தக்க மூன்று வைத்தியர்கள் கூறுமிடத்தில் நின்ற இதயத்தை மீண்டும் இயக்க முயலவேண்டியதில்லை என அனுமதித்தது.

குழாய் உணவா, மருந்தா?

வீடுகளில் மிகுந்த மனவேதனையைத் தருவது வென்டிலேட்டர் அன்று. மூக்கில் போடும் உணவுக் குழாய்தான். விழுங்க முடியாத தந்தைக்குக் குழாயும் வேண்டாமென்றால் பட்டினி போட்ட பாவம் சேருமோ என்று பிள்ளைகள் நடுங்குகின்றனர். கஸ்ஸாலீயின் பகுப்பிலே இது உணவா, மருந்தா? உலமாக்கள் பலர் உணவையும் நீரையும் நிறுத்தலாகாது என்பர், அவ்வச்சம் மதிக்கத்தக்கது. இயக்க நரம்பு நோயில் குழாய் உணவு பலருக்கு உண்மையிலேயே நற்பயன் தருகிறது. காலத்தோடு வயிற்றில் துளையிட்டு வைத்தால் நோயாளி களைப்பின்றி வாழ்வார். அங்கே தயங்குவது பிழை.

முற்றிய மறதி நோயில் கதை வேறு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, அந்நிலையில் குழாய் பொருத்துவது பரிந்துரைக்கப்படவில்லை. கையால் கவனமாகச் சிறிது சிறிதாக ஊட்டுவதே நன்று. குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலில் இறங்கிக் காய்ச்சல் வருவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. மாறாக, குழாயைப் பிடுங்காதிருக்க முதியவரின் கைகளைக் கட்டிலோடு கட்டும் கொடுமை பல இடங்களில் நடக்கிறது. நோயாளிகளை உண்ணவும் பருகவும் வற்புறுத்தாதீர்கள் என்ற கருத்துள்ள நபிமொழி திர்மிதீ, இப்னு மாஜா நூல்களில் காணப்படுகிறது. கைகள் கட்டப்பட்ட ஒரு முதிய தாயை மனக்கண்ணில் நிறுத்தி அதனைப் படித்தால் பொருள் விளங்கும். ஒரு தேக்கரண்டிக் கஞ்சியை மகள் ஊட்டுவதும் உணவே; ஃபிக்ஹின் கண்ணில் அது குறைந்ததன்று.

மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் தரப்படும் மார்ஃபின் பற்றியும் ஒரு சொல். அளவறிந்து கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. செயல்கள் நோக்கத்தைக் கொண்டே தீர்மானிக்கப்படும் என்னும் விதி இங்கு துணை நிற்கிறது. கலிமாவை மொழியும் நினைவு தப்பிவிடுமோ என்று பயப்படும் நோயாளியிடம், எவ்வளவு மயக்கம் அவருக்குச் சம்மதம் என்று வைத்தியர் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். இதையும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது

இவ்வளவு தெளிந்த வழி இருந்தும் நம் குடும்பங்களில் நடப்பதென்ன? நோயின் பெயரையே நோயாளியிடமிருந்து மறைக்கிறோம். 'வாப்பாவுக்கு ஒன்றுமில்லை, நரம்புத் தளர்ச்சிதான்' என்கிறோம். மருத்துவரைத் தனியே அழைத்து, அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சுகிறோம். அன்பினால் செய்வதுதான். அதன் விளைவோ, ஒரு நள்ளிரவில் மூச்சு முட்டும்போது எவரையும் கேட்க நேரமின்றித் தொண்டையில் குழாய் இறங்குகிறது. பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணம் நாள்தோறும் ஏறி, நகையும் நிலமும் கரைந்த பின், வைத்தியர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்று கையெழுத்திட்டு வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். வலி தணிக்கும் மருந்தும் இல்லை. வழிகாட்டும் தாதியும் இல்லை. மூச்சுத் திணறித் திணறி அடங்குகிறது. இதனைச் சட்டம் கருணைக்கொலை என்று சொல்வதில்லை. கருணை என்றும் எவராலும் சொல்ல இயலாது.

நபிகளார் (ஸல்) அவர்களின் இறுதி நோயில் நிகழ்ந்த ஒன்றை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மயங்கிய நிலையில் இருந்த அவர்களின் வாயோரத்தில் வீட்டார் மருந்தை வார்த்தனர். வேண்டாமென்று அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காதது இயல்புதானே என்று எண்ணி வீட்டார் நிறுத்தவில்லை. தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று கேட்ட அண்ணலார், அங்கே உடனிருந்திராத தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) நீங்கலாக, வீட்டிலிருந்த ஒவ்வொருவர் வாயிலும் அம்மருந்தை வார்க்கச் செய்தார்கள். அன்பின் மிகுதியால் சைகையை அலட்சியம் செய்த குடும்பம் அது. நம் குடும்பங்களைப் போன்றதுதான்.

நம் நாட்டில் இதற்குச் சட்ட வழியும் பிறந்துவிட்டது. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனைத் தாதி அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு மூளை சேதமுற்று, 2015 மே 18ஆம் நாள் இறக்கும் வரை நாற்பத்தோராண்டுகளுக்கு மேல் உணர்விழந்து கிடந்தார். அவருக்கு உணவு நிறுத்தக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7ஆம் நாள் நிராகரித்தது. அவ்வேளையிலேயே, தக்க நிலைகளில் உயிர் காக்கும் சிகிச்சையை விலக்கலாம் என்ற கொள்கையை ஏற்றது. 2018 மார்ச் 9இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒருவர் முன்கூட்டியே தம் விருப்பத்தை எழுதி வைக்கலாம் என அனுமதித்தது. வகுத்த முறையோ மாஜிஸ்திரேட்டின் கையொப்பத்தில் சிக்கி நடைமுறைக்கு ஒவ்வாதிருந்தது. 2023 ஜனவரி 24இல் அது எளிதாக்கப்பட்டது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஸட் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரின் சான்று போதும். நேரம் வரும்போது மும்மூவர் கொண்ட இரண்டு மருத்துவக் குழுக்கள் இணங்க வேண்டும். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் அதை விலக்கிக்கொள்ளலாம். மரண ஊசி இச்சட்டத்துக்குள் இல்லை. அது இன்றும் குற்றமே. ஆகவே இந்திய முஸ்லிம் ஒருவர் இவ்வாவணத்தை எழுதுவதில், தாம் வேண்டாமெனச் சொல்லும் சிகிச்சைகளைத் தம் ஆலிமிடம் கலந்து வரையறுத்துக்கொள்ளும் வரை, மார்க்கத்தோடு முரண் ஏதும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரவுகளைக் கழிக்கலாகாது என்று பழக்கப்பட்ட சமுதாயம் அல்லவா நாம்?

ஆனால் எழுத்து மட்டும் போதுமா என்று ஐயுறச் செய்யும் ஒரு வழக்கும் உண்டு. ஹாலந்தில் மறதி நோயுற்ற 74 வயது மூதாட்டி, காலம் வரும்போது தம்மை மரணிக்கச் செய்யுமாறு முன்னரே எழுதியிருந்தார். நோய் முற்றிய பின் கேட்டபோது, இப்போது வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். 2016இல் வைத்தியர் அவருடைய காப்பியில் மயக்க மருந்தைக் கலந்தார். ஊசி போடும்போது அவர் எழ முயல, குடும்பத்தார் பிடித்துக்கொண்டனர். 2019இல் அவ்வைத்தியர் விடுவிக்கப்பட்டார். 2020 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பழைய காகிதம் வென்றது. எழ முயன்ற உடல் தோற்றது.

அறிந்திருந்த பின் ஒன்றும் அறியாதவராக ஆகும் தளர்ந்த வயதைத் திருக்குர்ஆன் 16ஆம் அத்தியாயத்தின் 70ஆம் வசனத்தில் குறிப்பிடுகிறது. அந்நிலைக்கு வந்தவர் மனிதர் அல்லர் என்று அது கூறவில்லை. முதுமையடைந்த பெற்றோரிடம் 'சீ' என்று கூடச் சொல்லலாகாது என்னும் கட்டளை, மகன் பெயரை மறந்துவிட்ட தாய்க்கும் உரியதே. வஸிய்யத் எழுதியவர் அதைத் திரும்பப் பெறலாம் என்பது ஃபிக்ஹின் விதி. சித்தம் தெளியாதவரின் மறுப்புக்குச் சட்ட மதிப்பு உண்டா என்று வாதிடலாம். ஆனால் ஊசிக்கு அஞ்சி விலகும் கையும், கஞ்சியைக் கண்டு திறக்கும் வாயும் ஒரு சாட்சியம் அன்றோ?

மறுப்பவர் சுமக்க வேண்டிய கடன்

கருணைக்கொலையை மறுப்பது எளிது. மறுத்தவர் பிறகு என்ன செய்கிறார் என்பதே வினா. கே.இ.எம். மருத்துவமனையில் தலைமுறை தலைமுறையாகத் தாதியர் அருணாவைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் படுக்கைப் புண் வராமல் காத்தனர். அவரை வாழவிடுங்கள் என்று நீதிமன்றத்தில் சொல்ல அவர்களுக்குத் தகுதி இருந்தது. நம் மஹல்லாக்களில் படுக்கையாகிவிட்டவரைப் பெரும்பாலும் ஒரு மருமகளின் தோளில் போட்டுவிட்டு, ஜும்ஆவுக்குப் பின் நலம் விசாரித்து விட்டு வருகிறோம். அவள் இரவில் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது எவர் கண்ணிலும் படுவதில்லை.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்புச் சிகிச்சை இயக்கம், சில ஆண்டுகளில் மலப்புரம் மாவட்டத்தில் ஊரார் கையில் வந்து சேர்ந்தது. பயிற்சி பெற்ற சாமானியத் தொண்டர்கள் வீடு வீடாகச் செல்கின்றனர். தாதி உடன் வருகிறார். சிறு சிறு நன்கொடைகளால் நடக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் அது. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இச்சிகிச்சை தரும் பகுதி உண்டு. நம் ஜமாஅத்துகளில் ஜனாஸாப் பெட்டி இல்லாத பள்ளி இல்லை. காற்றுப் படுக்கையும் சளி உறிஞ்சும் கருவியும் இரவல் கொடுக்கும் பள்ளிகள் எத்தனை?

முடங்கிய உடலுக்குள் முழு மனிதர் இருக்கிறார் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங். 1963இல் இரண்டாண்டு ஆயுளே என்று சொல்லப்பட்டவர். 1985இல் ஜெனிவாவில் நிமோனியா கண்டபோது, கருவியை நிறுத்தி விடலாமா என்று வைத்தியர்கள் கேட்க, மனைவி மறுத்தார். புகழ்பெற்ற நூல் அதன் பின்னரே 1988இல் வெளிவந்தது. 2018 வரை வாழ்ந்தார். அவருடைய நோய் மிக மெதுவாக நகர்ந்த அபூர்வ வகை என்பதையும், இராப்பகலாகத் தாதியர் சூழ இருந்தனர் என்பதையும் மறைத்து இவ்வுதாரணத்தைக் காட்டி ஏழை வீட்டாரைக் குற்றம் சாட்டுவது முறையன்று.

நம் கிதாபுகள் வேறொரு வகையில் இவ்வுண்மையைச் சொல்லிவிட்டன. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிமொழி அனுமதிக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இன்னும் மேலே செல்கின்றன: தலை அசையாதவர் இமைகளால் சைகை செய்து தொழுவார், இமையும் இயலாதவர் தொழுகையின் செயல்களை உள்ளத்தில் ஓடவிடுவார், அறிவு நிலைத்திருக்கும் வரை கடமை நீங்காது. ஹனஃபி மத்ஹபில் தலைச் சைகையும் இயலாதவருக்குத் தொழுகை தள்ளிவைக்கப்படும். இரு வழியிலும், இமை மட்டும் அசையும் மனிதருக்குரிய சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. இறைவனோடு உரையாடும் தகுதி அவருக்கு உண்டென்று கண்டவர்கள், தம் மூச்சுக் குழாயைப் பற்றி உரையாடும் தகுதி அவருக்கில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

கேட்கும் கருவி பெரிதொன்றும் வேண்டியதில்லை. ஒரு கெட்டி அட்டையில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வரிசையாகப் பெரிதாக எழுதி நோயாளியின் கண்ணுக்கு நேரே பிடிக்கவேண்டும். விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டு வர, வேண்டிய இடத்தில் அவர் இமையை மூடுவார். ஒரு வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் ஆகலாம். குழாய் வேண்டுமா, மருத்துவமனையா வீடா, எவர் அருகில் இருக்க வேண்டும், யாஸீனை எவர் ஓத வேண்டும் என்றெல்லாம் இப்படியே கேட்டறியலாம். சாட்சிகளும் அருகிலிருந்து காணலாம். உஸ்மானியப் பேரரசின் சிவில் சட்டத் தொகுப்பான மஜல்லாவின் 70ஆம் விதி, பேச இயலாதவரின் அறியப்பட்ட சைகை நாவினால் கூறியதற்கு ஒப்பாகும் என்கிறது.